லேப்டாப் செருகினால் மட்டும் வரும் சூடு

என் அண்ணி விசாலாட்சிக்குக் கோழி என்றால் உயிர். எனக்குக் கோழி என்றால் குழம்பு. அந்தமானில், சிப்பிகாட்டில் ஒரே வேலிக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் எங்கள் இருவருக்கும் இதைத் தவிர வேறு தகராறு இருந்ததில்லை.

அண்ணி பரமக்குடியில் பிறந்தவர். கல்யாணமாகி, கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போர்ட்பிளேர் வந்து இறங்கியவர். இறங்கியதும் என் அண்ணன் காத்தமுத்துவிடம், "இனிமே நான் கப்பல் ஏற மாட்டேன், ஊருக்குப் போகணும்னா நீங்க மட்டும் போங்க" என்று சொன்னாராம். சொன்னபடியே இருந்தார். அண்ணன் ரோடு கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தார். ஒரு நாள் மத்தியானம் நெஞ்சு எரிகிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும் அண்ணியின் கூடப்பிறந்தவர் பன்னீர்செல்வம் ஊரிலிருந்து ஃபோனில் கூப்பிட்டார். "அங்க யாரு இருக்கா உனக்கு? கிளம்பி வா" என்றார். பன்னீர்செல்வம் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நிறையப் பேர் இருக்கிறார்கள், அடுப்படியில் நிற்கத்தான் ஆள் இல்லை. அண்ணிக்கு அது நன்றாகத் தெரியும். போகவில்லை.

இரண்டு நிக்கோபாரிக் கோழிகளில் ஆரம்பித்தார். குட்டைக் காலும் செம்பட்டை நிறமுமாக இருக்கும் இந்தத் தீவுச் சாதி, மழையில் நனைந்தாலும் சாகாது. மூன்று வருடத்தில் கொல்லை நிறைய ஆகிவிட்டது. டாலிகஞ்சிலிருந்தும் மின்னி பேயிலிருந்தும் ஆட்கள் வந்து குஞ்சு வாங்கிப் போனார்கள். மகள் சுகுணாவைச் சென்னையில் இன்ஜினியரிங் சேர்த்தது அந்தக் கோழிகள்தான். என் ஆட்டோவில் கோழித் தீவன நாற்றம் நிரந்தரமாகக் குடியேறியதும் அதனால்தான்.

போன லீவுக்கு வந்த சுகுணா, மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு அனுப்பும் தெர்மகோல் பெட்டி ஒன்றை வாங்கிக் கழுவி, அதை முட்டை பொரிக்கும் பெட்டியாக மாற்றிக் கொடுத்தாள். உள்ளே இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், ஒரு கிண்ணத்தில் தண்ணீர். நடுவில் மூன்று கால் வைத்த பொட்டு மாதிரி ஒரு சென்சார். சூடு ஏற ஏற அது கூடுதல் வோல்டேஜ் கொடுக்கும். சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு அந்த வோல்டேஜை ஓர் எண்ணாக மாற்றி, எண்ணிலிருந்து டிகிரியைக் கணக்குப் போட்டு, பல்பை ஏற்றும், அணைக்கும். எண் எழுபத்தேழு என்றால் முப்பத்தேழரை டிகிரி. அடைக்கோழிக்கு அடியில் முட்டைக்குக் கிடைக்கும் சூடு அதுதான். மூடியின் மேல் ஒரு சின்ன டிஸ்ப்ளேவில் டிகிரி தெரியும்.

இங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போர்டும் ஃபேனும் நிற்கக் கூடாது என்று அவற்றுக்கு மட்டும் முன்னறை இன்வெர்ட்டர் பாயின்டிலிருந்து சார்ஜர் போட்டு ஒயர் இழுத்தார்கள். பெட்டி பின்னறையில். சரியான ஒயர் கடையில் இல்லை, "அடுத்த ஷிப்ல ஆயேகா", அடுத்த கப்பலில் வரும் என்றார் கடைக்காரர். அதுவரைக்கும் என்று காலிங்பெல்லுக்குப் போடும் மெல்லிய ஒயரை மூன்று துண்டு முறுக்கிச் சேர்த்து ஒட்டினார்கள். தீவில் "அதுவரைக்கும்" என்று செய்ததெல்லாம் அப்படியே நின்றுவிடும். என் வீட்டு வாசல் கதவு எட்டு வருடமாக அதுவரைக்கும் கயிற்றில்தான் தொங்குகிறது. கப்பல் வந்தது, போனது, ஒயரை யாரும் நினைக்கவில்லை.

சுகுணா போகும்போது தன் பழைய லேப்டாப்பையும் விட்டுவிட்டுப் போனாள். பேட்டரி செத்த லேப்டாப். சார்ஜர் போட்டால்தான் உயிர் வரும். அதன் ஒயரைப் போர்டில் செருகினால், போர்டு தான் படிக்கும் எண்ணையும் டிகிரியையும் வரி வரியாகத் திரையில் கொட்டும். அண்ணி பத்தாவதோடு நின்றவர். ஆனால் மகள் ஃபோனில் சொல்லச் சொல்ல அதைத் திறக்கவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். தினமும் மத்தியானம் ஊரே சீரியல் பார்க்கிற நேரத்தில் அண்ணி இந்த சீரியலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் தடவை வைத்த முட்டை எதுவும் பொரியவில்லை. இருபத்தொரு நாள் ஆனது, பெட்டியில் சத்தமே இல்லை. இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு, கெட்ட முட்டை வெடித்து நாறிவிடும் என்று அண்ணி ஒவ்வொன்றாக உடைத்தார். எல்லாவற்றுக்குள்ளும் முழுக் குஞ்சு. இறகு, நகம், அலகு, எல்லாம் இருந்தது. நான் கொல்லையில் நோனி மரத்தடியில் குழி தோண்டினேன். அண்ணி மண்ணைத் தள்ளும்போது, "ஒண்ணு வாயைத் திறந்து மூடுச்சு தம்பி. உசுரு போற நேரம் போல" என்றார். 

அதே வாரம் தெரு நாய்கள் வலையைக் கிழித்துக்கொண்டு கொல்லைக்குள் வந்தன. நாங்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது ஒரு கோழிகூட இல்லை. சேவலும் இல்லை. கொல்லை முழுக்க இறகு. மிச்சம் இருந்தது, அடுத்த தடவைக்கு என்று அண்ணி கூடையில் எடுத்து வைத்திருந்த முட்டைகள் மட்டும்தான். அந்தச் சாதியில் அண்ணியிடம் அவ்வளவுதான். வேறு எங்கே கேட்டாலும், பேர் எழுதி வைத்துவிட்டுக் காத்திரு என்றார்கள். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை.

பன்னீர்செல்வம் இந்தத் தடவை ஃபோனில் கத்தவில்லை. அமைதியாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"இனிமே அங்க என்னம்மா இருக்கு? நான் டிக்கெட் போடுறேன்."

"இந்த முட்டையை வச்சுப் பாத்துடுறேன்ணே. அதுக்கப்புறம் போடுங்க."

"சரி. குஞ்சு பொரிஞ்சா நீ இரு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லைன்னா கப்பல் ஏறிடணும். சத்தியம் பண்ணு."

அண்ணி சத்தியம் செய்தார். இருபத்தொரு நாளும் கழிந்து அடுத்துக் கிளம்பும் கப்பலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. கடைசி முட்டைகள் மீன் பெட்டிக்குள் போயின.

அதற்குப் பிறகு அண்ணியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முதல் தடவை ஏன் செத்தது என்று தெரியாமல் அதே பெட்டியில் மறுபடி வைத்திருக்கிறார். வேறு பெட்டியும் இல்லை, அடை உட்காரக் கோழியும் இல்லை. லேப்டாப்பைச் செருகுவார். வரிகள் ஓடும். எழுபத்தேழு, முப்பத்தேழரை. எழுபத்தேழு, முப்பத்தேழரை. இருக்கிற சென்சாரைப் பிடுங்கி, சுகுணா வைத்துவிட்டுப் போன உபரி சென்சாரைப் போட்டார். அதே எண். சென்சாரை மூலையில் வைத்தார், முட்டைமேல் வைத்தார். அதே எண். சுகுணா ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அம்மா, ஆரம்பத்துலேர்ந்து படிம்மா. நடுவுல எங்கயாவது குதிக்குதா?"

"குதிக்கலடி. ஆரம்பத்துல எழுபத்து மூணு வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி எழுபத்தேழுல நிக்கும். செருகுறதுக்கு மூடியைத் தூக்குறேன்ல, காத்து பட்டுருக்கும்."

"அப்ப சென்சார் சரிதாம்மா."

"எல்லாம் சரின்னா அப்புறம் ஏன்டி செத்துச்சு?" என்று அண்ணி கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் சுகுணாவும் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் எண்களை வைத்துக்கொண்டு அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எண்ணை மட்டும் நம்பாமல் அண்ணி இன்னொரு சாட்சியும் வைத்திருந்தார். வீட்டில் இருந்த பாதரசக் காய்ச்சல் தெர்மாமீட்டர். அதை முட்டைகளுக்கு நடுவிலேயே போட்டிருந்தார். எப்போது எடுத்துப் பார்த்தாலும் தொண்ணூற்றொன்பதரை. முப்பத்தேழரையும் அதுவும் ஒன்றுதான் என்று சுகுணா சொல்லியிருந்தாள். ஆக, போர்டும் சரி, தெர்மாமீட்டரும் சரி. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் முட்டைக்குள் இருப்பது, மகள் அனுப்பிய படத்தில் அந்த நாளுக்கு இருக்க வேண்டியதைவிடச் சின்னதாக இருந்தது. அது ஒன்றுதான் பொய் சொல்லவில்லை. அண்ணி சாப்பாட்டை விட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் பெங்காலி டிரைவர், "அரே அன்பழகன் பாய், பாபிக்கா முர்கி நிக்லா க்யா?" என்று, அண்ணியின் குஞ்சு வெளியே வந்துவிட்டதா எனத் தினமும் கேட்பான். ஒரு நாள் அவனிடம் எரிந்து விழுந்தேன். அவன் மேல் என்ன தப்பு? நல்ல மனசோடு கேட்டவன்தான்.

இருபத்தொரு நாளில் பாதிக்கு மேல் போயிருந்தது. மழையில் சவாரி ஓட்டி எனக்குக் காய்ச்சல். என் வீட்டுத் தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்று என் வீட்டில் யாருக்குமே தெரியாது. நேராக அண்ணி வீட்டுப் பின்னறைக்குப் போனேன். அண்ணி துணி காயப்போடப் போயிருந்தார். பெட்டியைத் திறந்து, தெர்மாமீட்டரை எடுத்து, துடைத்து, உதறி, வாயில் வைத்தேன். நூற்றொன்று. முட்டைக்கு மேல் நான் சூடாக இருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கழுவி, மறுபடி ஓர் உதறு உதறி, இருந்த இடத்தில் போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

சாயங்காலம் அண்ணி என் வீட்டுக்குள் வந்த வேகத்தில் கயிற்றில் தொங்கிய கதவு கீழே விழுந்தது.

"தம்பி, பெட்டியைத் தொட்டீங்களா? தெர்மாமீட்டர் தொண்ணூத்தாறு காட்டுது! எதை என்ன பண்ணீங்க?"

"காய்ச்சல் பாத்தேன் அண்ணி. உதறிட்டு அங்கயேதான் போட்டேன்."

"டிஸ்ப்ளேல முப்பத்தேழரை இருக்கு. இது மட்டும் எப்படி இறங்கும்?"

"இறங்காது அண்ணி. நாம உதறினாத்தானே இறங்கும்? காய்ச்சல் தெர்மாமீட்டர் ஏறின இடத்துலயே நிக்கும்" என்று நான் எரிச்சலோடு சொன்னேன். தலைவலி எனக்கு.

அண்ணி வெறுங்கையை ஒரு தடவை உதறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "நான் ஒரு நாளும் உதறலையே" என்றார். அவர் என்றைக்கோ ஒரு தடவை ஏறிய தொண்ணூற்றொன்பதரையையே தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் உதறித்தான் வைப்பார். பெட்டிக்குள் போட்டதும் அது காய்ச்சல் பார்க்கிற சாமான் என்பது மறந்துபோயிருக்கிறது.

என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போர்வையோடு போனேன். தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறு, டிஸ்ப்ளே முப்பத்தேழரை. அண்ணி லேப்டாப்பைச் செருகினார். டிஸ்ப்ளே எழுத்து பளிச்சென்று ஆனது. நான் பல நாளாக இதைக் கிண்டல் செய்திருக்கிறேன். "லேப்டாப் வந்ததும் இதுக்கு முகம் மலருது பாருங்க" என்று. அன்றைக்கும் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அண்ணி திரும்பி என்னை முறைத்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். முதல் வரி எழுபத்து மூன்று. பல்பு எரிய ஆரம்பித்தது. எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு. மூடியை இந்தத் தடவை அவர் தூக்கவே இல்லை, ஒயரை ஓரமாக விட்டுச் செருகியிருந்தார். காத்து பட வழியே இல்லை.

ஏற விட்டார். எழுபத்தேழில் நின்றது. தெர்மாமீட்டரை உதறிப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். தொண்ணூற்றொன்பதரை. இப்போது உண்மையான தொண்ணூற்றொன்பதரை.

"இப்ப கழட்டுறேன். டிஸ்ப்ளேயைப் பாத்துக்கிட்டே இருங்க தம்பி."

கழற்றினார். எழுத்து மங்கியது. முப்பத்தேழரையாக இருந்தது கண் இமைப்பதற்குள் முப்பத்தொன்பதரை ஆனது. பல்பு அணைந்தது.

"இத்தனை முட்டையும் கண்ணு சிமிட்டுற நேரத்துல ரெண்டு டிகிரி சூடாகுமா?" என்று கேட்டார்.  சுகுணாவைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.  அப்புறம் அவள் சொன்னாள்.

"போர்டுக்கு வர்ற அஞ்சு வோல்ட்டை வச்சுத்தாம்மா அது சென்சாரை அளக்கும். அந்த பெல் ஒயர்ல அஞ்சு முழுசா வந்து சேரல. அளவுகோலே சுருங்கிப் போச்சு, அதனால எல்லாம் பெருசாத் தெரியுது. நீ லேப்டாப் செருகினா அதுலேர்ந்து கரண்ட் முழுசா போகும், அப்ப மட்டும் சரியா அளக்கும். நாம பாக்குறப்ப மட்டும் சரியா இருந்திருக்கும்மா. மத்த நேரமெல்லாம் ரெண்டு டிகிரி கம்மி."

அண்ணி அந்த ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தார். பெட்டியை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய், இன்வெர்ட்டர் பாயின்ட் பக்கத்திலேயே வைத்து, சார்ஜரோடு வந்த குட்டை ஒயரிலேயே போர்டை இணைத்தோம். எழுத்து பளிச்சென்று நின்றது. லேப்டாப் செருகினாலும் கழற்றினாலும் எண் அசையவில்லை. அவ்வளவுதான் வேலை. ஒரு மாதத்துக் கண்ணீருக்கு இவ்வளவுதான் மருந்து என்றபோது எனக்கு அந்தக் கடைக்காரர், கப்பல், நான், எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது.

நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். இருபத்தொன்றாம் நாள் வந்தது. பெட்டியில் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. பன்னீர்செல்வம் ஃபோன் செய்தார். அண்ணி "இல்லண்ணே" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். சாமான்களைப் பையில் அடுக்கினார். அண்ணன் ஃபோட்டோவைச் சேலையில் சுற்றி மேலே வைத்தார். விடிந்தால் கப்பல்.

எனக்குப் பார்க்க முடியவில்லை. "அண்ணி, ஒண்ணை உடைச்சுப் பாத்துடலாம். தெரிஞ்சுட்டா மனசு ஆறும்" என்றேன்.

அண்ணி ஒரு முட்டையைக் கையில் எடுத்தார். கரண்டிக் காம்பை ஓங்கினார். கை அப்படியே நின்றது.

"தம்பி, பாதி நாள் ரெண்டு டிகிரி கம்மியா இருந்துச்சே. இதுங்க எப்படி கரெக்டா இருபத்தொண்ணுல வரும்?"

 அவரே சுகுணாவைக் கூப்பிட்டார். "சூடு கம்மியா இருந்தா குஞ்சு என்னடி ஆகும்? செத்துடுமா, இல்ல..."

சுகுணா எதையோ தேடிப் படித்துவிட்டு, "சூடு லேசா கம்மின்னா நிறைய பொழைக்கும்மா. ஆனா லேட்டாகும். ரெண்டு மூணு நாள் லேட்டாகும்" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். "அம்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாள். அண்ணி ஃபோனை வைத்துவிட்டு, முட்டையை அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பெட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். 

விடிந்ததும் கப்பல் கிளம்பும் ஹாட்டோ ஜெட்டிக்குப் போக ஆட்டோவை எடுத்து வந்து நிறுத்தினேன். "வரலை" என்றார். "சத்தியம் பண்ணீங்களே அண்ணி" என்றேன். "பொரியலைன்னா ஏறுறேன்னுதான் சத்தியம். இன்னும் பொரியாம போகலையே" என்றார். கப்பல் போயிருக்க வேண்டிய நேரமும் தாண்டியது. பன்னீர்செல்வம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், ஃபோன் அலமாரியில் கிடந்து அதிர்ந்தது.

அன்று மத்தியானம் பெட்டிக்குள் யாரோ கண்ணாடியை நகத்தால் தட்டுவது போல் சத்தம். ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். அப்புறம் இன்னொன்றில். சாயங்காலத்துக்குள் ஈரத்தோடு ஒன்று வெளியே விழுந்து, எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடிக் கத்தியது. கோழியைக் குழம்பாக மட்டுமே பார்த்தவன் நான், கத்திக் கூத்தாடிவிட்டேன். "பொரிஞ்சுருச்சு அண்ணி! பன்னீர் அண்ணனுக்கு ஃபோன் போடுங்க! நீங்க எங்கயும் போக வேணாம்!"

அண்ணி அறையில் இல்லை.

கொல்லையில் நோனி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மழை பெய்து அந்தக் குழி இருந்த இடம் சமமாகி, புல் முளைத்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருந்து இரண்டாவது குஞ்சு கத்தும் சத்தம் அங்கே வரை கேட்டது.

"அன்னைக்கு அது வாயைத் திறந்துச்சுன்னு சொன்னேன்ல தம்பி" என்றார் அண்ணி. "அதுங்களுக்கும் இன்னும் ரெண்டு நாள் குடுத்திருக்கலாம்."